சண்முகநாதனின் இடது கால்

சுன்னாகத்துச் சண்முகநாதனின் இடது காலுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. சாப்பிட உட்கார்ந்தாலும் ஆடும், செத்த வீட்டில் இருந்தாலும் ஆடும். மனைவி உதயகலா தொடையில் தட்டித் தட்டிக் கை சலித்துப்போனாள். இருபத்தாறு வருடம் வெங்காய லொறி ஓட்டிய மனிதர். ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை. கிளச் பிளேட்தான் அவரிடம் படாத பாடு பட்டது. கியர் மாற்றிய பிறகும் அந்தக் கால் கிளச்சிலேயே குந்திக்கொண்டிருக்கும்.

போன வெள்ளிக்கிழமை கொக்குவில் மெக்கானிக் ஆழ்வாப்பிள்ளை லொறியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“கியர் மாத்தேக்கை மட்டும் மிதி. மாத்தினாப்பிறகு காலை எடுத்துக் கீழை வை. நிண்டால் நியூற்றலுக்குப் போடு. இதைத்தானே பத்து வருசமாச் சொல்லுறன்? இந்தப் பிளேட் இனி ஒரு கிழமைக்கும் தாங்காது.”

புதுப் பிளேட் கொழும்பிலிருந்து வர நாலு நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காவடி.

காவடி எடுப்பவன் உதயகலாவின் தம்பி பார்த்தீபன். அவனுடைய மனைவி நிரோஜா டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, அவள் பிழைத்தால் செல்வச்சந்நிதி முருகனுக்குத் தூக்குக்காவடி எடுப்பதாக நேர்த்தி வைத்திருந்தான். பிழைத்துவிட்டாள். இனி அவன் முதுகிலும் தொடையிலும் கொளுக்கி குத்தி, லொறியின் முன்னால் நீட்டிய துலா மரத்தில் குப்புறத் தொங்கியபடி கோயிலுக்குப் போகவேண்டும். காய்ச்சல் முற்றிய அன்று நிரோஜாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது அத்தானின் லொறி. ஆகவே காவடிக்கும் அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

தேய்ந்த பிளேட்டோடு லொறி ஒரு தரம் துள்ளினால் போதும், தொங்குபவனின் தோல் கிழிந்துவிடும். இது தெரிந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொன்னால் ஊர் சிரிக்கும். காவடி புறப்படும் அச்சுவேலியிலிருந்து கோயிலுக்கு ஐந்து கிலோமீற்றர்தானே, சமாளித்துவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டார். வீம்பு, வேறென்ன!

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டார்கள். முதலாம் கியரில் விட்டால்கூட லொறி சனத்தை முந்தும். ஆகவே கிளச்சைப் பாதி மிதித்தும் விட்டும் அங்குலம் அங்குலமாய் அரக்கி ஓட்டினார். வீட்டு வாசலில் படலைக்குப் படலை நிறைகுடம் வைத்து, கும்பிடுவதற்காக மறித்தார்கள். மறித்த இடமெல்லாம் நியூற்றலுக்குப் போட்டுக் காலை எடுத்திருக்கவேண்டும். ஆனால் மறுபடி கியர் போடும்போது துள்ளிவிடுமோ என்ற பயத்தில் கால் கிளச்சை விட்டு அசையவில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. மேளச் சத்தத்துக்குள் எஞ்சின் சத்தமும் ஒழுங்காகக் கேட்கவில்லை. நாலாவது மறிப்பில் ஒரு கருகல் மணம் வந்தது. சனம் அதைச் சாம்பிராணி என்றே நினைத்திருக்கும். அது கிளச் என்று அவருக்குத் தெரியும்.

கோயிலுக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர் இருக்கையில் லொறி ஒரு தரம் விக்கியது. துலா ஆடியது. பார்த்தீபனின் முதுகுத் தோல் மேலே இழுபட, ஒரு கொளுக்கியடியில் இரத்தம் கசிந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு “அரோகரா” என்றான்.

சண்முகநாதன் லொறியை நிறுத்தினார். நியூற்றலுக்குப் போட்டு, கைப் பிறேக்கை இழுத்து, முன்னால் நடந்த உதயகலாவைக் கூப்பிட்டார். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கத்தான் சொன்னார்.

“கிளச் எரிஞ்சு போச்சு. எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும், சொல்லாமல் விட்டிட்டன். இனி எஞ்சினாலை இழுத்தால் தம்பிக்குத்தான் காயம். தேர் மாதிரிக் கயிறு கட்டி இழுங்கோ.”

உதயகலா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆயுளுக்கும் போதுமான பார்வை. பிறகு பின்னால் போய், வெங்காய மூட்டைகளை மூடும் படங்கைக் கட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஆணும் பெண்ணுமாக ஐம்பது அறுபது பேர் பிடித்தார்கள். உதயகலாவும் பிடித்தாள். சண்முகநாதன் பிறேக் வேலை செய்வதற்காக எஞ்சினை ஓடவிட்டு, வலது காலால் பிறேக்கை மெல்ல மெல்லத் தளர்த்தினார். இடது கால்? அதை நம்ப முடியாது. மடக்கிச் சீற்றில் வைத்து, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். அது அடியில் கிடந்து துடித்தது, மரத்தது, ஊசி குத்தியது. கோயில் வாசல் வரும்வரை அவர் அதை வெளியே எடுக்கவில்லை. துலாவும் அதன்பிறகு ஆடவில்லை.

கொளுக்கிகளைக் கழற்றித் திருநீறு பூசி முடித்ததும், மரத்த காலை இழுத்துக்கொண்டு பார்த்தீபனிடம் போனார். அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பிழை தன்னுடையதுதான் என்றார்.

“உங்கடை கால் எனக்குத் தெரியாதே, அத்தான்?” என்றான் பார்த்தீபன். “நான் இரண்டு நேர்த்தி வைச்சுத்தான் ஏறினனான். ஒண்டு நிரோஜாவுக்கு. மற்றது உங்கடை காலுக்கு.”

சண்முகநாதன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். கோயில் வாசலில் அத்தனை பேருக்கும் முன்னால் அழுதுவிட்டார்.