பிரஸ் ஷாப் வாயாடி

இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. அதில் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் மிகப் பெரிய வாயாடி யார் என்று கேட்டால் எல்லோரும் சந்தனமாரியைத்தான் காட்டுவார்கள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாயால் ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் அவள் கை பேசத் தொடங்கினால், செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிற கொக்குகூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். விரலுக்கு ஏது ஊர்வழக்கு என்று கேட்பீர்கள். அவள் விரலில் நெல்லைத் தமிழ்தான் வரும். அதே லைனில் வேலை செய்யும் அறைத்தோழி ஜாஸ்மின் சத்தியம் செய்வாள். சுங்குவார்சத்திரத்து வாடகை அறையில் ஜாஸ்மின் வெகு சீக்கிரம் சைகை மொழி கற்றுக்கொண்டாள். கற்காவிட்டால் ஊர்வம்பு எதுவும் எட்டாதே.

பிரஸ் ஓடும்போது எல்லோர் காதிலும் இயர் பிளக் இருக்கும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் சந்தனமாரியின் சைகைகள் லைன் முழுக்கப் பரவிவிட்டன. 'நிறுத்து', 'தகடு கோணல்', 'டீ வந்தாச்சு', எல்லாம் கையில்தான். ஆளுக்கொரு சைகைப் பெயரும் வைத்தாள். சூப்பர்வைசர் டில்லிபாபுவின் பெயர், நழுவுகிற பேண்ட்டை இரு கையாலும் மேலே இழுப்பது. அவரோ அதை 'வணக்கம்' என்று நினைத்துக்கொண்டு, தினமும் காலையில் லைனைப் பார்த்துப் பேண்ட்டை இழுத்தார். லைனும் அதே மரியாதையோடு இழுத்தது. பார்வையிட வந்த கொரியாக்காரர்கூடக் குனிந்து ஒருமுறை இழுத்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

அந்தச் சமயத்தில் லைன் லீடர் பதவி காலியானது. வேலையில் மூத்தவள் சந்தனமாரி. ஆனால் நேர்காணலுக்கு அவளை மட்டும் கூப்பிடவில்லை.

"லீடர்னா போன் எடுக்கணும், சத்தமா ஆர்டர் போடணும்மா. உனுக்கு இன்னாத்துக்கு இந்த டென்ஷன்?" என்றார் டில்லிபாபு. ஜாஸ்மின் அதைக் கையில் சொன்னாள்.

"அண்ணாச்சி, இந்த இரைச்சல்ல நீங்க போடுத ஆர்டர் யாரு காதுல விழுது?" என்றது சந்தனமாரியின் கை.

அவர் ஒரு 'வணக்கம்' இழுத்துவிட்டு நகர்ந்தார்.

பதவிக்கு ஆள் முடிவாகும் முன்பே, டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தது. ஆண்டுதோறும் அன்று நிர்வாகம் அவளை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, படம் எடுக்கும். சேர்ந்த பொன்னாடைகள் அறை ஜன்னலுக்குத் திரையாகத் தொங்கின. இம்முறை மனிதவள மேலாளர் மரகதம் பொன்னாடையை விரித்ததும், சந்தனமாரி அதை வாங்கி, அழகாக மடித்து, அவர் கையிலேயே வைத்தாள். பிறகு கையை உயர்த்தினாள். கூட்டத்தில் எழுந்து நின்று ஜாஸ்மின் உரக்கச் சொன்னாள். நெல்லைப் பக்கமே போகாதவள் வாயில் அன்று நெல்லைத் தமிழ் வந்தது.

"பொன்னாடை போதும் மேடம், எங்க ரூம்ல ஜன்னல் ஒண்ணுதான். எனக்கு இன்டர்வியூ வேணும், சைகை மொழிபெயர்ப்பாளரோட. சலுகை கேக்கல. சட்டம் குடுத்த உரிமை. சம வாய்ப்புன்னு வாசல் கேட்டுல நீங்களே போர்டு மாட்டிருக்கிய."

"ஜாஸ்மினே மொழிபெயர்க்கட்டுமே" என்றார் மரகதம்.

"அவ என் கூட்டாளி. நான் திட்டுததையும் இனிப்பாக்கிச் சொல்லிருவா. வெளியாளு வேணும்."

கூட்டம் சிரித்தது. மரகதம் சிரிக்கவில்லை, ஆனால் மறுவாரமே சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார்.

நேர்காணலில் டில்லிபாபுவும் உட்கார்ந்திருந்தார். "போன் வந்தா இன்னா பண்ணுவ?"

"மெசேஜ் போடச் சொல்லுங்க அண்ணாச்சி. அபாயச் சங்கு ஊதினா கூடவே எரியுத மாதிரி ஒரு செவப்பு லைட்டும் வைங்க. காத அடைச்சிட்டு நிக்குத எல்லாருக்கும் அது வேணும்."

மரகதம் டில்லிபாபு பக்கம் திரும்பினார். "இவங்க லீவு போட்டா லைன் எப்படி ஓடுது?"

"தடவிகினு ஓடும் மேடம். நானும் கைய ஆட்டிப் பாத்தேன். எனுக்கு வணக்கம் மட்டும்தான் வருது" என்று எழுந்து பேண்ட்டை இழுத்துக் காட்டினார். மொழிபெயர்ப்பாளருக்குக் கடுமையான இருமல் வந்துவிட்டது.

பொங்கலுக்கு முன்பே சிவப்பு விளக்கு வந்தது. லைன் லீடர் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு சந்தனமாரி வந்தாள். இயந்திரம் ஓடத் தொடங்கும் முன் லைன் முழுவதும் கையுறை போட்ட கைகளைத் தலைக்கு மேல் தூக்கி அசைத்தது. காது கேளாதோர் கைதட்டுவது அப்படித்தான். அவள் கண்ணைத் துடைத்தாள் என்று எழுதினால் என்னை அடிக்க வருவாள். சற்று நேரம் எல்லாக் கைகளையும் பார்த்தாள். பிறகு முதல் ஆர்டரைப் போட்டாள்.

"போதும் மக்கா. எல்லாரும் கையத் தூக்கிட்டே நின்னா தகட்ட யாரு எடுத்து வைப்பா?"