அகன்றுபோன முகம்

என் பிழையைப் பற்றி எழுதுகிறேன். கற்பனை கலந்தால் அது சாக்குச் சொல்வதாகிவிடும். ஆகவே நான் செய்ததையும் நேரில் கண்டதையும் மட்டுமே சொல்கிறேன்.

புதுவாயலில் என் பக்கத்து வீட்டில் இருப்பவள் செல்வி. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அரசு வேலைக்கான தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பித்தாள்; வயது வரம்பின்படி அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. விண்ணப்பத்துக்குரிய புகைப்படத்தை என் வீட்டுக் கணினியில் நான்தான் சிறிதாக்கினேன். கேட்கப்பட்ட அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே தட்டினேன். விகிதம் குலைந்ததைக் கவனியாமல் அனுப்பிவிட்டேன். நுழைவுச்சீட்டில் அவள் முகம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது.

"இன்னா சார், என் மூஞ்சிய பூரி மாதிரி ஆக்கிட்டீங்க" என்று சிரித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "உள்ள உடுவாங்களா?"

தேர்வன்று நானும் உடன் சென்றேன். "இது நீ இல்லம்மா" என்று வாயிலில் காவலர் மறித்தார். கண்காணிப்பாளரான பெண்மணி ஒருவர் சீட்டை வாங்கினார். கண்ணெதிரே பிடித்து, மெதுவாக ஒருபுறமாகத் திருப்பினார். அவர் தோளருகே நின்று நானும் பார்த்தேன்: சாய்ந்த பார்வையில் படத்தின் அகலம் சுருங்கி, செல்வியின் முகம் தன் வடிவுக்குத் திரும்பியது.

"இந்தப் பொண்ணுதான்பா, உள்ள உடு."

மணி அடிப்பதற்குள் செல்வி ஓடினாள்.

இப்போது எந்தப் படத்தைச் சிறிதாக்கினாலும், அளவைச் சரிபார்த்தபின் முகத்தையும் ஒருமுறை பார்க்கிறேன்.

அந்தப் பெண்மணியின் பெயர் எனக்குத் தெரியாது. தேர்வின் முடிவும் இன்னும் வரவில்லை.