மீனம்பாக்கத்தில் இறக்கிவிட்டவள்

கடற்கரை ஸ்டேஷனில் ஏறினால் தாம்பரம் வரை உட்கார்ந்தே வரலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்த என் ஆபீஸை எனக்குப் பிடித்திருந்தது. அங்கே டெலிபோன் போர்டில் எனக்கு வேலை. மாலை ரயிலில், பெண்கள் பெட்டியில், நாங்கள் நான்கு பேர் எதிரெதிரே உட்காருவோம். எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. இறங்கும் ஸ்டேஷன்தான் பெயர். ஓர் அரசாங்க ஆபீஸில் அட்டெண்டராக இருந்த அக்கா பல்லாவரம். பள்ளிக்கூட டீச்சர் குரோம்பேட்டை. நர்ஸ் சானடோரியம். நான் தாம்பரம்.

மாம்பலம் தாண்டினால் மூவரும் தூங்கிவிடுவார்கள். காலையில் இருட்டோடு எழுந்து சமைத்துவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு அந்த அரைமணி நேரம்தான் தூக்கம். கடைசியில் இறங்குகிறவள் விழித்திருந்து மற்றவர்களை எழுப்ப வேண்டும் என்று யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அது தானாக என் வேலையாயிற்று. முழங்காலில் இரண்டு தட்டு, ஸ்டேஷன் பெயர், அவ்வளவுதான். வெளியே பார்த்து உறுதி செய்துகொள்ளாமல், பாதிக் கண்ணில் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார்கள். எனக்கு அதில் ரகசியமாகப் பெருமை உண்டு.

எண்பதுகளின் கடைசியில், என் மகள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. வலிப்பும் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் பற்றி இன்றும் என்னால் அதிகம் எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே என் தலை மிகத் தெளிவாக இருந்தது. எந்த மருந்து எப்போது, எந்த டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் விரல்நுனியில் இருந்தன. பெண் பிழைத்து, மெலிந்து, தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர் வீட்டுக்கு வந்து, எனக்கு ரசம் சாதம் வேண்டும் என்று கேட்ட பிறகுதான் எனக்கு அது ஆரம்பித்தது.

தலைக்குள் ஈரப்பஞ்சை அடைத்தாற்போல் இருந்தது. கரண்டி என்ற சொல் வராது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே 'அந்த இது' என்பேன். பூட்டிய வீட்டு வாசலில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது திறப்பார்கள் என்று நிற்பேன். போர்டில் மேனேஜர் ஊர் பெயர் சொல்லி லைன் கேட்பார். அவர் குரல் காதில் இருக்கும், கேட்ட ஊர் இருக்காது.

மகளுக்கு மறுபடி வலிப்பு வராமலிருக்க, தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை. விடக்கூடாது, இரண்டும் கொடுக்கக்கூடாது. ஒருநாள் அவள் சீக்கிரமே தூங்கிவிட்டாள். மாத்திரை அட்டையும் தண்ணீருமாக நான் கட்டிலருகே நிற்கிறேன். கொடுத்தேனா, கொடுக்க வந்தேனா, தெரியவில்லை. என் கணவர் வந்து அட்டையைப் பார்த்து, இன்னும் கொடுக்கவில்லை என்று சொல்லி, அவளை எழுப்பிக் கொடுத்தார். மறுநாள் மாத்திரை டப்பா பீரோ மேல் அவர் பக்கத்துக்குப் போயிற்று. "கொஞ்ச நாள் நான் பாத்துக்கறேம்மா. நீ நிம்மதியா தூங்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ பெண்ணையே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது போல் இருந்தது. இனி என்னை நம்பி எதையும் தர முடியாது என்று நானே முடிவு கட்டினேன்.

அந்த வாரமே ரயிலில் அது நிரூபணமும் ஆயிற்று. வண்டி நின்றது, நான் பல்லாவரத்தின் முழங்காலைத் தட்டினேன், அவர் இறங்கிவிட்டார். வண்டி நகர்ந்தபோதுதான் போர்டைப் பார்த்தேன். மீனம்பாக்கம். தூறலில், பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி, அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார். "இன்னா தாம்பரம், எனக்கு பிளேனுக்கு டிக்கெட் எடுத்து வச்சிக்கிறியா? மீனம்பாக்கத்துல எறக்கி வுட்டுட்டே?"

டீச்சரும் நர்ஸும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு மறுநாள் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

டாக்டரிடம் மகளைக் காட்டப் போனபோது என்னைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னைச் சோதித்துவிட்டு, இது பெரிய நோயில்லை, பயத்தில் இத்தனை நாள் தூங்காத தலை இப்போதுதான் களைத்து உட்கார்ந்திருக்கிறது, தூங்குங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யுங்கள், நாளாகும் என்றார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "படுத்துக்கிட்டு இருந்தது நான்தானே? நான் எழுந்துட்டேன். நீ ஏம்மா இன்னும் எழுந்திருக்கலை?" என்றாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். காய்ச்சலில் கொட்டிய முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

பிறகு அவளே எனக்கு ஒரு வேலை வைத்தாள். தினமும் சாயங்காலம் ரயிலில் பார்த்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொல்ல, கீரை ஆய்ந்துகொண்டே குறுக்கு விசாரணை செய்வாள். "பூக்காரம்மா சைதாப்பேட்டைல ஏறினாங்கன்னு நேத்து சொன்னே. இன்னிக்கு கிண்டிங்கறே." சொல்வதற்காகவே பார்க்கத் தொடங்கினேன். மாத்திரைக் கவலை கணவரிடம் போனதால் தூக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கரண்டி கரண்டியாயிற்று.

ஆனாலும் பழைய பெட்டிக்குப் போகவில்லை. ஒரு சாயங்காலம் பல்லாவரம் அக்காவே பிளாட்பாரத்தில் தேடி வந்து என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். பின்னால் போகாமல் என்ன செய்வது? பழைய பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும், என்னால் இனி முடியாது, வேறு யாரையாவது எழுப்பச் சொல்லுங்கள் என்றேன்.

"தே பாரு, நீ இல்லாம நாங்க யாரும் தூங்கறதில்ல. ஒருத்தி மூஞ்ச ஒருத்தி பாத்துகினு வரோம், பேஜாரா கீது. நான் தூங்கப் போறேன். நீ எங்க எழுப்புறியோ அங்க எறங்கறேன். மீனம்பாக்கத்துல இன்னா, புலியா கீது?"

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கண்ணால் பார்க்கிறாரோ என்று அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தேன். குறட்டைதான் வந்தது.

சில வாரங்கள் ஒவ்வொரு ஸ்டேஷனையும் எட்டிப் பார்த்து, பெயரை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். தவறவில்லை. ஆனால் அது போர்டைப் படிப்பதுதானே என்ற சந்தேகம் எனக்குள் இருந்தது.

ஐப்பசி மழை வந்தது. ஒருநாள் கிண்டியைத் தாண்டியதும் பெட்டியில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. ஷட்டர்களை இறக்கிவிட்டிருந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு ஆட்கள். போகிற ஸ்டேஷன்களிலும் கரண்ட் இல்லை. எதிரே மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி நடுவழியில் வேறு இரண்டு முறை நின்று கிளம்பியது. யாரையாவது கேட்கலாம் என்று எழப்போனேன்.

அதற்குள் ஷட்டர் இடுக்கில் காற்று மாறியது. வீடுகள் ஒதுங்கி வெட்டவெளி வந்ததும் அடிக்கிற நீளமான காற்று. விமான நிலையப் பக்கம். அந்தக் காற்று நின்றது. பிறகு, மழையில் இன்னும் கனத்து, தோல் பதனிடும் வாடை வந்தது. நான் யோசிக்கவில்லை. என் கை தானாகப் போய் முழங்காலில் இரண்டு தட்டு தட்டியது. "பல்லாவரம்."

அக்கா எழுந்தார், பையை எடுத்தார், கேள்வி கேட்காமல் இருட்டில் இறங்கினார். பிளாட்பாரத்திலிருந்து "வரேன் தாம்பரம்" என்று குரல் மட்டும் வந்தது. அடுத்து டீச்சர். அடுத்து நர்ஸ். மூவரும் அவரவர் ஊரில் இறங்கினார்கள். தாம்பரத்துக்கு நான் தனியாக, நனைந்த கண்ணோடு வந்து சேர்ந்தேன்.

மகள் இன்று கல்லூரிக்கு அதே ரயிலில் போகிறாள். மாத்திரை நின்று வெகுகாலமாகிறது. இருந்தும் ஒரு வண்டி தாமதமானால் கேட்டருகே போய் நிற்கிறேன். தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அந்த நடுக்கம் முழுதாகப் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அன்று மழையில் வீட்டுக்கு வந்த நான், எல்லாரும் சாப்பிட்ட பிறகு, இனி மாத்திரையை நானே கொடுக்கிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, பீரோ மேலிருந்த டப்பாவை எடுத்துக் கையில் தந்தார்.

தண்ணீரோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். மகள் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா அப்பவே குடுத்துட்டாரே."

ஒரு நொடி, ஒரே நொடி, பழைய ஈரப்பஞ்சு தலைக்குள் அசைந்தது. போர்வைக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன. அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார், பிறகு ரேடியோவைத் திருகினார், நான் கேட்கும் வரை பீரோ பக்கமே போகவில்லை. எல்லாம் வரிசையாக எனக்குத் தெரிந்தது.

"இல்ல, குடுக்கல" என்றேன். "வாயைத் திற."