சட்டசபைக் கோட்டு

சுவிஸில், ஆராவ் நகரசபைத் தேர்தலில் நிற்கும் என் மகள், பழைய சாமான் கடையில் வாங்கிய கறுப்புக் கோட்டை விரித்தாள். குப்பென்று பூச்சி உருண்டை மணத்தது. எனக்கு யாழ்ப்பாணத்து வீட்டின் தேக்கு அலுமாரி திறந்துகொண்டது.

அதற்குள் அப்பாவின் தாத்தாவான எங்கள் பூட்டனாரின் கம்பளிக் கோட்டு தொங்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அவர் சட்டசபை உறுப்பினர். தேசாதிபதியோடு இங்கிலீசில் வாதாடி ஊருக்கு ஆஸ்பத்திரி கொண்டுவந்தவர். சாதாரண சனங்களுக்கும் வாக்குரிமை வந்த தேர்தலில் தோற்று, வீட்டோடு முடங்கிப்போனார். அந்தத் தோல்வியை மட்டும் அப்பா சொல்லமாட்டார்.

அண்ணாவை ஆமி பிடித்துப்போனபோது, கொளுத்தும் வெயிலில் அப்பா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். காவலுக்கு நின்ற சிப்பாயிடம் பூட்டனாரின் பெருமையெல்லாம் இங்கிலீசில் சொன்னார். அவன் விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் அப்பா தமிழில் கதறினார்.

"எங்கட குடும்பம் சட்டசபையில இருந்த குடும்பம், தம்பி. என்ர பிள்ளையை விடுங்கோ."

சிப்பாய் துவக்கை நீட்டி எங்களை வீதிக்குத் துரத்தினான். அண்ணா வரவேயில்லை. அப்பா அதன்பிறகு பூட்டனாரின் பெயரை எடுக்கவுமில்லை.

மகள் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்.

"அம்மா, எங்கட ஆக்கள் ஆரும் முந்தி அரசியலில இருந்தவையோ?"

"இல்லைப் பிள்ளை," என்றேன்.