முந்நூறு கிராம் ஈயம்

ஊதாத பலூன்களின் ரப்பர் வாசனையும், அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தூவிய பவுடரின் வாசனையும் எங்கள் வீட்டுத் துணிகளிலெல்லாம் இருக்கும். திருநெல்வேலி ஆனித் திருவிழாவிலும் ஆற்றங்கரைத் தைப்பூசத்திலும் பலூன் சுடும் கடை போடுவது எங்கள் குடும்பத் தொழில். அப்பா துப்பாக்கியில் ரவை போட்டுக் கொடுப்பார். கூட்டம் சேர்ப்பது அம்மா. பலகையில் மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி வைத்து, பத்தடி தள்ளி நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சுடுவாள். மெழுகுவத்தி அசையாது, சுடர் மட்டும் அணையும். அதைப் பார்த்த ஆண்பிள்ளைகள் சும்மா போவார்களா?

நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம், ஒரு குடிகாரர் கைநழுவிக் கீழே போட்டதில் துப்பாக்கியின் கட்டை பிளந்துவிட்டது. தச்சர் மாமரத்தில் புதுக்கட்டை இழைத்துத் தந்தார். பார்க்க அழகு, ஆனால் பின்பக்கம் கனமே இல்லை. தூக்கினால் குழாய் தரையைப் பார்க்கும். அதை "மூக்குக் கனம்" என்பார் அப்பா. அந்த வருட ஆனித் திருவிழாவின் முதல் நாளே அம்மாவுக்கு மூன்று முறை குறி தப்பியது.

"மெழுகுவத்திக்கு வலிக்கும்னு பாக்கியளா மதினி?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் துப்பாக்கியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பலகைக்குப் பின்னால் போய்ப் பலூன் ஊத உட்கார்ந்தவள், அதற்குப் பின் அதைத் தொடவில்லை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்த முதல் ஆள் நான். அதில் நெம்புகோல் பாடம் இருந்தது. ஒரு பக்கத்து எடையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவது, மறுபக்கத்துப் பெருக்கலுக்குச் சமமாக இருக்க வேண்டும். படித்தது வீட்டுக்கு உதவப்போகிறது என்ற எண்ணமே எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது.

பலசரக்குக் கடைத் தராசில் துப்பாக்கியை வைத்தேன். "ஏலே, பழைய இரும்புக்குப் போடப் போறியா? உங்கம்மா அடுத்தால உன்னையத்தான் சுடுவா" என்றார் கடைக்கார அண்ணாச்சி. இரண்டு கிலோ நானூறு கிராம். வேப்பங்கிளையில் கயிற்றுச் சுருக்கில் தொங்கவிட்டு, சமமாக நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டேன். உடைந்த பழைய கட்டையில், இடது கை பிடித்துப் பிடித்துக் கறுத்த இடம் ஒன்று இருந்தது. சமநிலை அங்கே இருக்க வேண்டும். புதியதிலோ இரண்டு அங்குலம் முன்னால் கிடந்தது. கறுத்த இடத்திலிருந்து, தோளில் பதியும் கட்டையின் அடிப்பக்கம் பதினாறு அங்குலம். இரண்டாயிரத்து நானூறை இரண்டால் பெருக்கிப் பதினாறால் வகுத்தேன். முந்நூறு கிராம்! நோட்டில் விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

உவரியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவரிடம் வலையில் கட்டும் ஈயக்குண்டுகள் வாங்கினேன். ஆறு குண்டு, சரியாக முந்நூறு. தச்சர் அடிப்பக்கத்தில் துளை போட்டுத் தந்தார். ஈயத்தைப் போட்டு, ஆடாமல் இருக்கத் தேங்காய் நாரைத் திணித்து, தகட்டை வைத்துத் திருகினேன்.

அம்மா எடுத்துத் தோளில் வைத்தாள். இடது கையை ஒருமுறை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள்.

"கணக்கு சுத்தமா இருக்குலே" என்றாள்.

மறுநாள் அவள் ஆற்றில் குளித்துவிட்டு வர வழக்கத்தைவிட நேரமானது. அன்று சாயங்காலம் அவளே மெழுகுவத்தியை ஏற்றினாள். அதே ஆள் முன்வரிசையில் நின்றார். ஒரே ரவை, சுடர் அணைந்து புகை எழுந்தது. "வலிச்சுதான்னு கேட்டுச் சொல்லுங்க கொழுந்தனாரே" என்று அம்மா சொன்னபோது எழுந்த சத்தத்தில் பக்கத்து ராட்டினக்காரரே திரும்பிப் பார்த்தார். அன்று நான் கணக்கைக் கடவுள்போல நம்பினேன். பிற்பாடு பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

இப்போது எங்களுக்குக் கடை இல்லை. அப்பாவும் இல்லை. துப்பாக்கி பாளையங்கோட்டை வீட்டுச் சுவரில் தொங்குகிறது. போன மாதம் துரு துடைக்க அந்தத் தகட்டைக் கழற்றினேன். என் ஆறு ஈயக்குண்டுகளும் இருந்தன. நாரைக் காணோம். அந்த இடத்தில், அம்மாவின் பழைய மஞ்சள் சேலைக் கிழிசலில் இறுக்கிச் சுற்றிய இரண்டு ஆற்றுக் கூழாங்கற்கள்.

அப்போதுதான் புரிந்தது. கட்டையைக் கறுக்க வைத்தது பலூன் சுட வந்த ஆண்பிள்ளைகளின் கை. அம்மாவுக்குக் கை குட்டை. அவள் பிடிப்பது அதற்கு ஒரு விரற்கடை பின்னால். நான் அளந்தது அவள் கையை அல்ல.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லாம்மா?"

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நீதான் நோட்டுல கோடெல்லாம் போட்டு முடிச்சிட்டியே. அதை அழின்னா சொல்லுவாங்க?"

கற்களை அதே துணியில் சுற்றி உள்ளே வைத்துத் திருகினேன். பிறகு கறுத்த இடம் இருந்திருக்கும் இடத்திலிருந்து ஒரு விரற்கடை பின்னால், ஒற்றை விரலில் துப்பாக்கியை நிறுத்திப் பார்த்தேன். எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது.