பழைய காருக்கு எடுத்த வயர் கட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. இங்கிலாந்தில் செய்த பழைய வண்டி. மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் பத்து காஜா என்ற ஊரில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடமிருந்து என் கணவர் வாங்கியது. அவர் தினமும் துடைத்து வைத்திருந்ததால் வெளியே குறை சொல்ல எதுவும் இல்லை. எஞ்சின்தான் வாங்கிய மறு வருஷமே, கோப்பெங் தாண்டி ஒரு மேட்டில், புகையைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது.

கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. என் அப்பா சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வேலையை விட்ட பிறகும் அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில்தான் இருந்தார். சர்க்கரை வியாதியில் காலில் ஒரு புண், ஆறவே இல்லை. மாதம் ஒருமுறை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர வேண்டும். இரண்டு பஸ் மாறி வந்தால் அந்தக் கால் வீங்கிப்போகும்.

மெங்லெம்புவில் ஒரு பட்டறை இருந்தது. அதன் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர். தோட்டத்தில் சாமான் கடை வைத்திருந்தவரின் மகன், தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அவர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு சாமான் தேடினா கிழவனாயிடுவே தம்பி. ஜப்பான் எஞ்சின் போடலாம்லா" என்றார். ஜப்பானில் பழைய கார்களைக் குறுக்கே வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். அப்படி வந்த ஒன்றிலிருந்து எஞ்சினும் கியர்பெட்டியும் எடுத்து வந்து, ஒரு மாதத்தில் எங்கள் காருக்குள் உட்கார வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது வயர். பழைய காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். ஜப்பான் எஞ்சினுக்கு அது நேர் எதிர். பழைய வயர்களும் மேலுறை காய்ந்து, தொட்டால் உதிர்ந்தன. அதனால் வயர் முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும் என்று தவுக்கே சொல்லி அனுப்பினார்.

இங்கே என் வேலையைச் சொல்ல வேண்டும். ஈப்போவில் கார்களுக்கு வயர் கட்டும் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருஷமாக இருந்தேன். ஒரு காருக்குள் ஓடும் வயர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, கிளை கிளையாகப் பிரித்து, முனைகளில் பிளக் மாட்டி, டேப் சுற்றிய கட்டுக்குத்தான் ஹார்னஸ் என்று பெயர். பெரிய பலகையில் படம் வரைந்து ஆணிகள் அடித்திருக்கும். நிறம் பார்த்து வயரை ஆணிகளுக்கு நடுவே ஓட்ட வேண்டியது, சுற்ற வேண்டியது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் பெண்கள்தான். பாதிப் பேர் என்னைப் போலத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்.

"ஞாயித்துக்கிழமை நானும் வாரேன்" என்றேன் கணவரிடம்.

"பட்டறைக்கா? அங்க உக்காரக்கூட எடம் இல்ல."

"நான் என்ன உக்காரவா வாரேன்?"

பட்டறைச் சுவரில் இரண்டு கட்டுகள் ஆணியில் தொங்கின. ஒன்று சுத்தமாக, புது டேப் சுற்றி, கறுப்பாக மின்னியது. இன்னொன்று சேறும் எண்ணெயுமாக, எலி கடித்த பை போல இருந்தது. இரண்டும் எங்கள் எஞ்சின் ரகத்துக்கு உரியவைதான், ஆனால் வேறு வேறு கார்களிலிருந்து எடுத்தவை. தவுக்கே சுத்தமானதைக் கையில் எடுத்துக் கொடுத்தார். கணவர் தலையை ஆட்டிவிட்டார்.

நான் அதை வாங்கி, ஒரு முனையிலிருந்து விரல்களுக்கு நடுவே விட்டு உருவினேன். பழக்கம். முதல் முழத்திலேயே ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. கொஞ்சம் தள்ளி இரண்டு சேர்ந்தாற்போல். பிறகு இன்னும் பல. விரலில் பசை ஒட்டியது. தொழிற்சாலையில் சுற்றும் டேப்பில் பசை இருக்காது. எஞ்சின் சூட்டில் பசை இளகி வழியும் என்பதால்தான்.

"இது வெட்டி ஒட்டினது, தவுக்கே."

அவர் முகம் மாறியது. "நான்தான் ஒட்டினேன் தங்கச்சி. எல்லாம் ஈயம் வெச்சுப் பத்தவெச்சது. பத்து வருஷம் தாங்கும்."

அவர் கைவேலை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. அழுக்குக் கட்டைத் தரையில் விரித்தேன். சேற்றை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தால் உள்ளே டேப் பழையது, ஆனால் பிரிக்கப்படாதது. ஒரு வயர்கூட அறுபடவில்லை. பிளக் எல்லாம் முழுசாக இருந்தன. "இதுதான் நல்லது. இது யாரும் கை வைக்காதது" என்றேன்.

கணவர் என்னையும் தவுக்கேயையும் மாறி மாறிப் பார்த்தார். தவுக்கே கையைத் துடைத்துக்கொண்டே, "சரி, ஒங்க காரு, ஒங்க இஷ்டம். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார்.

அடுத்த ஞாயிறு வயர் மாட்டி முடிந்திருந்தது. விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. கணவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. எஞ்சின் முனகக்கூட இல்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. தவுக்கே ஸ்டார்ட்டருக்கு நேராக பேட்டரியிலிருந்து ஒரு வயரைத் தொட்டுக் காட்டினார். அது உடனே சுற்றியது. ஆக, ஸ்டார்ட்டரில் குறை இல்லை. குறை நான் தேர்ந்தெடுத்த கட்டில்தான். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அடுத்த வாரம் பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தாளு கொடுத்ததையே எடுத்திருக்கலாம்."

அன்று எனக்குச் சமைக்கப் பிடிக்கவில்லை. ஐந்து வருஷமாக நாள் முழுக்கத் தொடுகிற பொருள். இந்த வயர் எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு ஒன்றுக்குக்கூட விடை தெரியாது. நிறம் தெரியும், நீளம் தெரியும், எந்த ஆணி என்று தெரியும். அவ்வளவுதான். அறுபட்டதா முழுசா என்று சொல்லத் தெரிந்ததை வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவள்போல் நடுப் பட்டறையில் பேசிவிட்டேன்.

புதன்கிழமை எங்கள் வரிசையில் பலகையை மாற்றினார்கள். எப்போதாவது வருகிற பலகை அது. மற்றதைப் போலவேதான், ஆனால் நடுவில் ஒரு கிளையின் முனையில் இரண்டு ஓட்டை பிளக்குக்குப் பதில் நான்கு ஓட்டை பிளக். எத்தனையோ முறை இதைக் கட்டியிருக்கிறேன், ஏன் என்று யோசித்ததில்லை. அன்று வரிசைக்குத் தலைவியான மலாய் அக்காவிடம் கேட்டேன். அவர் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்.

"இது ஆட்டோ கியர் காருக்கு, கியர் தானாவே மாறும்" என்றார் மலாயில். "ரெண்டு வயர் ரிவர்ஸ் லைட்டுக்கு. மத்த ரெண்டும் ஸ்டார்ட்டருக்குப் போற வழியில இருக்கு. கியர் நிறுத்தத்தில இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும்."

எனக்குக் கை நின்றுவிட்டது. அழுக்குக் கட்டிலும் நான்கு ஓட்டை பிளக் ஒன்று இருந்தது. எங்கள் கியர்பெட்டியோ கையால் போடுவது. அதில் இரண்டு முனைதான். அந்த பிளக் பொருந்தாததால் தவுக்கே அதை ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஸ்டார்ட்டருக்குப் போகும் வழி அங்கேயே அறுந்து நின்றது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு கேட்டார். "நிச்சயமா தெரியுமா?"

"நிச்சயம்னு போன தடவையும் நெனச்சேன். பார்த்தாத்தான் தெரியும்."

ஞாயிறு தவுக்கேயிடம் சொன்னேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஐயோ, ஆட்டோ வண்டிக் கட்டா அது? நான்லா பார்த்திருக்கணும்!" நான் காருக்கடியில் கையை விட்டு அந்த பிளக்கை எடுத்தேன். நான்கில் இரண்டு தடித்தவை, கறுப்பில் மஞ்சள் கோடு. அவற்றைத் தவுக்கே ஒன்றோடொன்று முறுக்கி, ஈயம் வைத்தார். மெல்லிய இரண்டையும் கியர்பெட்டியில் மாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீயே சாவியைத் திருப்பு" என்றார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் கியரை நியூட்ரலில் வைத்த பிறகு ஏறி உட்கார்ந்து திருப்பினேன். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. நான் பயந்துபோய்ச் சாவியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "விடு, விடு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துக்காரர் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரேடியோ பாசிட்டிவ் உடம்புக்குச் செய்தது. அது இனி வேலை செய்யாது என்று கழற்றி வைத்தோம். கணவருக்கு அதில் வருத்தம்தான். பெட்ரோல் முள்ளும் கடைசிவரை உண்மை சொல்லவில்லை. டாங்கி காலியாக இருந்தாலும் பாதி காட்டும். அவர் ஒரு பிரம்புக் குச்சியை விட்டுப் பார்த்துத்தான் எண்ணெய் ஊற்றுவார்.

காரை அரசாங்கப் பரிசோதனைக்குக் காட்டி, பதிவில் எஞ்சின் நம்பரை மாற்றி எழுதிய பிறகு அப்பாவைக் கூட்டி வரப் போனோம். திரும்பும் வழியில் தாப்பாவில் பிடித்த மழை கம்பார் வரை விடவில்லை. பழைய எஞ்சின் இருந்தபோது வைப்பர் போட்டால் விளக்கு மங்கும். விளக்குப் போட்டால் வைப்பர் நொண்டும். அன்று இரண்டும் ஒன்றாக ஓடின. பின்னால் காலை நீட்டிப் படுத்திருந்த அப்பா, "இதுல நீ செஞ்சது எது?" என்று கேட்டார்.

"நான் செய்யலப்பா. எது வேணும்னு எடுத்துக் கொடுத்தேன்."

"அவதான் கண்டுபிடிச்சா மாமா" என்றார் கணவர், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். பஸ்ஸில் சொன்னதைப் பற்றி அவர் பிறகு எப்போதும் பேசியதில்லை.

அந்த மாதக் கடைசியில் மலாய் அக்காவிடம் போய், என்னைப் பரிசோதனை மேசைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். கட்டி முடித்த ஹார்னஸை அங்கே மாட்டினால், வயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பல்ப் எரியும். எரியாவிட்டால் ஏன் என்று தேட வேண்டும். உட்காரவே முடியாத வேலை, யாரும் கேட்டு வாங்குவதில்லை. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். திங்கட்கிழமை வந்துவிடு என்றார்.