சொந்த வீட்டில் மூன்று நாள் குடித்தனம்

சொந்தமாக வீடு வாங்கி, அதே வீட்டில் குடித்தனக்காரர்களாக இருந்து தீபாவளி கொண்டாடிய குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். இப்போது யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வயதுப் பெண்ணுக்கு வரக்கூடிய ஆத்திரம் மொத்தமும் வந்தது.

அதற்கு முன்னால் நாங்கள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வீட்டின் பின்பக்கம் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிற வேலை. பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று பஸ்ஸிலேயே பாதி ஆயுசைக் கழித்தார். வீட்டுக்கார அம்மாள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் புஸ்வாணம் வைத்தால் தரை கறுத்துப் போகும் என்பார். நாங்கள் தெருக்கோடிக்குப் போய்த்தான் பட்டாசு கொளுத்த வேண்டும். ஒரு தீபாவளிக்கு நான் விட்ட சங்குசக்கரம் சுற்றிக்கொண்டே வந்து அவருடைய கோலத்தைத் தொட்டுவிட்டது. அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி, எங்கள் கண்ணெதிரே அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவினார்.

அன்றைக்கு அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "வாடகை வூட்ல இதான் கடைசி தீபாவளி. சொல்லிட்டேன்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். அடுத்த ஐப்பசி பிறந்ததும் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டைப் பத்திரம் பதிந்தோம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே தளம், பின்னால் கிணறு. அப்பா உற்சாகத்தில் கால் தரையில் படாமல் திரிந்தார். யாரையும் கேட்காமல் ஒரு கருங்கல் பலகைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். அதில் அம்மாவின் பெயர், கீழே 'இல்லம்', அதற்கும் கீழே '1991'. பலகை தயாராகி வந்துவிட்டது. வீடுதான் காலியாகவில்லை.

வீட்டை விற்றவர் ஒருநாள் சைக்கிளில் வந்து நின்றார். தீபாவளி கழிந்ததும் காலி செய்துவிடுகிறோம் என்றார். பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது, இந்த இடத்துக்கும் வேறு ஆள் வரப்போகிறார், முடியவே முடியாது என்றாள் அம்மா. மறுநாள் அவருடைய மனைவி வந்தார். நான் அத்தை என்று கூப்பிட்டேன். அத்தையும் அம்மாவும் சமையல்கட்டில் உட்கார்ந்து பேசினார்கள். என்னைத் தெருவில் விளையாடச் சொன்னார்கள். நான் ஜன்னலுக்கு அடியில் விளையாடினேன்.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்திருந்தது. மாப்பிள்ளை உத்திரமேரூர்ப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். இந்த வீட்டைப் பார்த்துத்தான் சம்பந்தம் பேசினார்கள். அந்தக் கல்யாணக் கடனை அடைக்கத்தான் வீடே கைமாறியது, அது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வரும்போது மாமனார் வீடு அடுத்தவர் வீடாக இருந்தால், அந்தப் பெண் புகுந்த வீட்டில் நிமிர்ந்து நடக்க முடியாது.

அத்தை போன பிறகு அம்மா வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். அது ஏற்கெனவே பொறுக்கிய அரிசி. அப்பா வந்ததும் தீர்ப்பைச் சொன்னாள்.

"குறிச்ச நாள்ல பால் காய்ச்சிக் குடி போயிடலாம். மாப்ள வந்துட்டுப் போற வரைக்கும் பின் ரூம்ல இருந்துக்குவோம். கேட்டா குடித்தனக்காரங்கன்னு சொல்லிக்கலாம்."

"நம்ம வூட்டுக்கு நாமளே வாடகைக்கா?"

"மூணு நாள் தானே. இன்னா கொறைஞ்சி போவுது?"

அப்படியே பால் காய்ச்சினோம். ஒரு அடுப்பில் எங்கள் பால் பொங்கியது, பக்கத்து அடுப்பில் அத்தையின் குழம்பு கொதித்தது. பொங்கின பாலை அத்தைக்குத்தான் அம்மா முதலில் கொடுத்தாள். கருங்கல் பலகையைக் கிணற்றடியில் எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டார் அப்பா. அதன்மேல் அத்தை துணி துவைத்தார். என் வாயைக் கவிழ்த்துப் போட முடியாதே. அதனால் அம்மா என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். தெரு முழுக்க விஷயம் தெரியும். ஆனால் ஊர்ப் பெண்ணின் சங்கதி என்பதால் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மாப்பிள்ளை, அத்தையின் பெண்ணான அக்காவோடு வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டிருந்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டே அப்பாவிடம், "எப்ப சார் குடி வந்தீங்க?" என்று கேட்டார்.

"ஒரு மாசம் ஆவுது" என்றார் அப்பா.

"போன வெள்ளிக்கெழமை" என்றாள் அம்மா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. மாப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, முறுக்கு நன்றாக இருக்கிறது என்றார்.

விடிவதற்கு முன்னால் மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்தார்கள். சொந்த வீட்டில் முதல் எண்ணெய் வைக்க ஒரு வருஷமாகக் காத்திருந்த அம்மா, பின் அறை வாசலில் ஒதுங்கி நின்றாள். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். மாப்பிள்ளையின் தலைவரைக்கும் கொண்டுபோனார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினார்.

"நீ வையிம்மா மொதல்ல."

"நான் எதுக்குக்கா? நீங்க வைங்க."

"நீதான் வைக்கணும்."

அம்மா வைத்தாள். வைத்த விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். எண்ணெய் சூடாக இருக்கிறது போலும் என்று நினைத்தேன்.

பொழுது புலர்ந்ததும் மாப்பிள்ளையும் நானும் வாசலில் பட்டாசு கொளுத்தினோம். நான் புஸ்வாணத்தை வாசலுக்கு நேரே வைத்தேன். அதற்காகத்தானே வீடே வாங்கினோம். மாப்பிள்ளை குனிந்து அதைத் தெருப்பக்கம் நகர்த்தினார். "இங்க வச்சா தரை கறுத்துடும் பாப்பா. ஓனர் ஏதாச்சும் சொல்லப் போறாரு" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை.

"நாங்கதான் ஓனரு. இது எங்க வூடு. வேணும்னா கெணத்தாண்ட துவைக்கிற கல்லைத் திருப்பிப் பாருங்க, எங்க அம்மா பேரு போட்டிருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவின் தலை ஞாபகம் வந்தது. அது வெடித்துவிட்டதா என்று உள்ளே ஓடிப் பார்த்தேன். வெடிக்கவில்லை. அவள் வடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை கிணற்றடியில் தனியாக நின்றிருந்தார். அந்தக் கல்லை ஒரு பக்கமாகத் தூக்கி, தலையைச் சாய்த்து அடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் மெதுவாகக் கீழே விட்டார். கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்து, புஸ்வாணத்தை எடுத்து நான் வைத்த இடத்திலேயே வைத்து, கொளுத்தச் சொல்லித் தீப்பெட்டியை என்னிடம் கொடுத்தார்.

அன்றைக்கு முழுதும் வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. மாப்பிள்ளை மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். அக்காவைக் கேலி செய்தார். மாமனாரிடம், தளம் வெயிலுக்கு எப்படித் தாங்குகிறது என்றுகூடக் கேட்டார்.

மறுநாள் புறப்படும்போது வாசலில் நின்று சொன்னார்: "அடுத்த தீபாவளிக்கு நீங்க ரெண்டு பேரும் எங்க வூட்டுக்கு வந்துடுங்க மாமா. எப்பவும் நீங்களே செஞ்சிக்கினு இருக்கணுமா இன்னா? பொங்கலுக்கும் அங்கியே இருந்துடுங்க."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பெண் ஊருக்குப் போகிறாளே என்று அழுகிறார் என எண்ணினேன். அப்பா கைகுலுக்கப் போனார். மாப்பிள்ளை இரண்டு கையையும் கூப்பி, "வரேன் சார், வூட்டைப் பாத்துக்குங்க" என்றார். வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியதைக் குடித்தனக்காரரிடம் சொல்கிறாரே, விவரம் பத்தாத மனிதர் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அத்தையும் மாமாவும் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா பலகையை நிமிர்த்திச் சோப்பு நுரையைக் கழுவி, கொத்தனாரைக் கூட்டிவந்து வாசல் சுவரில் பதித்தார். அம்மா தெருவில் இறங்கி நின்று பார்த்தாள், உள்ளே போனாள், மறுபடி வந்து பார்த்தாள். நான் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் என் விரல் பருமன் இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடத் தடுமாறாமல் வாசித்துவிடும்.

இத்தனை பெரிய எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒருவரை எப்படி வாத்தியாராக வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஆனாலும் நல்ல மனிதர், புஸ்வாணத்தை நான் வைத்த இடத்திலேயே வைத்தவர். வெளியே தெரிந்தால் பாவம், அவருடைய மானம் போய்விடுமே என்று நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.